ஒரு மரம், இரண்டு பட்டியல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சுற்றுச்சூழல் பத்தி ஏதாவது பேசு, ஆனா அரை மணி நேரத்துல முடிச்சிடு, பிரியாணி ஆறிடும்" என்று செயலாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். (சிரிப்பு) ஆம்பூர் பக்கத்துக்காரனுக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேறு கிடையாது.

நம் ஊரில் சுற்றுச்சூழல் என்றாலே பாலாறு, குரோம், கழிவுநீர் என்று மூன்று வார்த்தைதான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைப்பதே என் பிழைப்பு என்பதால் அந்த மூன்று வார்த்தையை வைத்தே நான் காலம் தள்ளுகிறேன். ஆனால் இன்று ஒரு மரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த மரம் நம் ஊரில் கிடையாது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மலைமேல் நிற்கிறது. வாட்டில் என்று பெயர். நீலகிரியில் சீகை மரம் என்பார்கள். அது அங்கே நிற்பதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு.

எதற்காக இந்தப் பேச்சு என்றால், தோல் தொழிலில் இருக்கும் நம் சங்கத்து அண்ணன்மார் சிலர் போன வருஷக் கூட்டத்திலேயே என்னைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார்கள். அவர்கள் பேச்சிலேயே சொல்கிறேன். "தம்பி, ஐரோப்பாக்காரன் குரோம் இல்லாத தோல் கேக்கறான். அதுக்கு வாட்டில் சாறு வேணும். பிரேசில்லேர்ந்தும் ஆப்பிரிக்காவுலேர்ந்தும் டாலர் குடுத்து வாங்கறோம். அதே மரத்தைக் கொடைக்கானல்ல களைன்னு சொல்லி வெட்டணும்ங்கறாங்க. வெட்டறதை நாமளே எடுத்துக்கிட்டா என்ன? மலையும் சுத்தம், பாலாறும் சுத்தம், நமக்கும் லாபம்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வருஷம் படித்தும் கேட்டும், மலைக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தும் வந்து பதில் சொல்கிறேன். "எடுத்துக்கலாம்" என்பதுதான் பதில். ஆனால் அதற்கு முன்னால் நாலைந்து 'ஆனால்' இருக்கிறது. அந்த 'ஆனால்'கள்தான் இன்றைய பேச்சு.

முதலில் கொஞ்சம் பழங்கதை. மாணவர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்த பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குரோம் வருவதற்கு முன்னால் நம் ஊரில் தோலை எதில் பதனிட்டார்கள்? ஆவாரம் பட்டையில். சித்த வைத்தியர் சொல்லும் அதே ஆவாரம்பூச் செடிதான். அதன் பட்டையில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு டானின் இருக்கிறது. டானின் என்றால் என்ன? செடி தன்னைப் பூச்சியும் பூஞ்சையும் தின்னாமல் இருக்கத் தயாரித்து வைத்துக்கொள்ளும் துவர்ப்பு. பாக்குத் துவர்ப்பு, மாதுளந்தோல் துவர்ப்பு எல்லாம் அந்த வகைதான். அது தோலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டால் தோல் அழுகாது. குழியில் பட்டைச் சாறு ஊற்றி, தோலை வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். ஆவாரம் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுக்கும். நம் முன்னோர்கள் கல்லூரிக்குப் போகாமலே கண்டுபிடித்த கெமிஸ்ட்ரி இது. அந்தத் தோல்தான் ஈ.ஐ. தோல் என்று லண்டன் ஏலத்தில் பெயர் வாங்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனதும் அதுதான். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

ஆனால் ஆவாரை காட்டுச் செடி. தரிசிலும் சாலையோரத்திலும் தானாக முளைப்பது. ஆள் வைத்து ஒடித்து, பட்டை உரித்து, கட்டிக்கொண்டு வரவேண்டும். தொழில் பெருகப் பெருகப் பட்டை போதவில்லை, விலையும் ஏறியது. அப்போதுதான் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து இறங்கியது. அதில் டானின் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு வரை. சாறாக இறுக்கினால் 65 வரை போகும். டேனரிக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வாட்டில் தென்னாப்பிரிக்க மரமே கிடையாது. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு. 1864ல் அங்கிருந்து விதை நேட்டாலுக்குப் போனது. நம் நீலகிரிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆக, மலையில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்து 1946லேயே நாம் அந்த நாட்டோடு வர்த்தகத்தை முறித்துக்கொண்டும் விட்டோம். தோல் ஏற்றுமதிதான் டாலர் கொண்டுவரும் தொழில். அதற்குப் பட்டை வேண்டும். ஆகவே 1950களிலும் 60களிலும் நீலகிரியிலும் பழனி மலையின் மேல்பகுதியிலும் அரசே பெரிய அளவில் வாட்டில் நட்டது. மேட்டுப்பாளையத்தில் சாறு எடுக்கும் ஆலை வந்தது. பட்டை உரித்த மரம் சிறுமுகையில் ரேயான் கூழாகப் போனது. அன்றைய கணக்குப்படி அருமையான திட்டம்.

எங்கே நட்டார்கள் என்பதில்தான் சிக்கல். புல்வெளியில் நட்டார்கள். மலைமேல் மரமில்லாமல் புல்லாகக் கிடந்த இடமெல்லாம் 'தரிசு' என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நாமும் அதையே படித்தோம். உண்மையில் பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி என்பதுதான் அந்த மலையின் இயல்பான அமைப்பு. வரையாடு மேய்வது புல்வெளியில். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் அங்கேதான். குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். பழனி மலையைப் பற்றி 2018ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நாற்பது ஆண்டுக் கணக்கு எடுத்தார்கள். மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. முக்கியக் காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமும். மரம் நட்டதால் இயற்கை அழிந்தது என்று சொன்னால் நம் ஊரில் யாராவது நம்புவார்களா? ஒவ்வொரு ஜூன் 5ஆம் தேதியும் மரக்கன்று நடுகிறவர்கள் ஆயிற்றே நாம்!

நிற்க. மலையில் வாட்டில் வளர்ந்துகொண்டிருந்தபோது கீழே நம் ஊரில் என்ன நடந்தது? 1972ல் சீதாராமையா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாதே, முழுத் தோலாக, செருப்பாக, பையாக அனுப்பு என்றது. மறு வருஷத்திலிருந்து கட்டுப்பாடு வந்தது. நாடு முழுவதும் சேர்ந்து குரோமுக்குத் தாவியது. குழியில் வாரக்கணக்கு வேலை, டிரம்மில் ஒரே நாளில் முடிந்தது. மலையில் வாட்டில் வெட்டும் பருவத்துக்கு வந்து நின்றபோது, கேட்டவர்களுக்கு அது பழையபடி வேண்டியிருக்கவில்லை. நாம் கேட்டு வைத்த மரம், நாமே மறந்துபோனோம். மரம் மறக்கவில்லை. விதை போட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்த தீர்ப்பு நம் பாலாற்றங்கரையிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இந்தியா முழுக்க நம் ஊர் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். அதில் நமக்குப் பெருமையா என்பது வேறு. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்புச் சொல்லி, நஷ்டஈடு கொடு, கண்காணிக்கக் குழு போடு என்று உத்தரவிட்டது. மாவட்டம் 2019ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. மாசு மட்டும் பிரியவில்லை.

இதனால்தான் "குரோம் வேண்டாம், பழையபடி தாவரப் பதனுக்கே போவோம்" என்று நம் ஊர்ச் சுற்றுச்சூழல் நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான கோரிக்கை. ஐரோப்பாவும் 2015 மே மாதத்திலிருந்து, தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. வாங்குகிறவன் கேட்கிறான், ஊரும் கேட்கிறது. தாவரப் பதனுக்கு என்ன வேண்டும்? வாட்டில்.

அதே வாட்டில், உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2022ல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. மலைக் காடுகளிலிருந்து வாட்டிலை அகற்றும் வேலை அதன்படி நடக்கிறது. ஆக, டேனரியின் கொள்முதல் பட்டியலில் அது 'இயற்கைப் பொருள்'. வனத்துறைப் பட்டியலில் 'ஆக்கிரமிப்புக் களை'. ஆம்பூரில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் அது வேண்டும் என்கிறார், கொடைக்கானலில் பச்சைச் சட்டை போட்ட இன்னொருவர் அது போகவேண்டும் என்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் இயற்கையின் பெயரால்தான் பேசுகிறார்கள்.

சரி, மலையில் இருப்பவர்களாவது ஒரே பேச்சாக இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. அங்கே போய்ப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். ஒரு பக்கம், வாட்டிலை வேரோடு எடுத்துப் புல்வெளியை மீட்கவேண்டும் என்கிறவர்கள். அவர்கள் காட்டும் படங்களைப் பார்த்தால் வயிறு எரியும். வரையாடு நின்ற சரிவில் இன்று வெளிச்சம்கூட நுழையாத வாட்டில் காடு. இன்னொரு பக்கம், வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்றவர்கள். வட்டக்கானலில் வருஷக்கணக்காகச் சோலை மரக்கன்றுகளை வளர்த்து நட்டவர்கள் அவர்கள், வாட்டிலுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் அல்ல. அவர்கள் சொல்வது: "வயசான வாட்டில் நிழலில் சோலை மரங்கள் தானாக முளைத்து வருகின்றன. வாட்டில் மரத்துக்கு ஆயுசு கம்மி. விட்டுவிட்டால் அது விழும்போது கீழே சோலை தயாராக இருக்கும். நீங்கள் மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் மிதிபட்டுப் போகும், வெயில் பட்ட மண்ணில் மறுபடி வாட்டில்தான் முளைக்கும்." புல்வெளிக்காரர்கள் உடனே கேட்கிறார்கள்: "சோலை வரட்டும், நல்லது, புல்வெளி எங்கே போவது?" தண்ணீர் பற்றியும் தகராறு. ஊற்று வற்றியதற்கு வாட்டில்தான் காரணம் என்கிறார்கள் சிலர். மரம் மட்டுமா குடித்தது, ஊரில் பெருகிய விடுதிகள் குடிக்கவில்லையா, மழையும் மாறவில்லையா என்று கேட்ட ஆய்வாளர்களும் உண்டு.

இதற்கெல்லாம் நடுவில் தலையில் விறகுக் கட்டோடு இறங்கிவரும் அம்மாக்கள். அவர்கள் அடுப்பில் எரிவது பெரும்பாலும் வாட்டில். அது இல்லாவிட்டால் அரிவாள் சோலைப் பக்கம் திரும்பும். பட்டியல் போடுகிறவர்கள் இந்த அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெட்டினால் மறுபடி முளைக்கும் என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பொறியாளன் பார்வையில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. வாட்டில் விதை மண்ணுக்குள் ஐம்பது ஆண்டு வரை உயிரோடு கிடக்கும். தீ பட்டால், மண் கிளறினால், மொத்தமாக எழும். ஒரு மரத்தை வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குக் கீரைப் பாத்தி போல நூற்றுக்கணக்கில் கன்று. ஆகவே வெட்டும் செலவு முதல் தவணைதான். அடுத்தடுத்த ஆண்டுகளில் கன்று பிடுங்கும் செலவுதான் உண்மையான செலவு. அந்தச் செலவிலிருந்து பத்துப் பைசா வருமானம் கிடையாது, பட்டையும் கிடையாது. காண்டிராக்டர் பெரிய மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். கன்று பிடுங்க யார் வருவார்?

இந்த இடத்தில் தென்னாப்பிரிக்கா நமக்குப் பாடம். அங்கே வாட்டில் ஒரே சமயத்தில் சட்டப்படி பயிர், சட்டப்படி களை. அனுமதி வாங்கிய தோட்டத்துக்குள் வளர்க்கலாம்; வேலி தாண்டி ஓடையோரம் முளைத்தால் நிலத்துக்காரர் அகற்றவேண்டும். 1995ல் 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து ஆற்றோர அந்நிய மரங்களை அகற்றும் திட்டம். வேலையும் ஆச்சு, தண்ணீரும் ஆச்சு என்பது கணக்கு. லட்சக்கணக்கான ஹெக்டேரில் வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் வாட்டில் தொழில் ஒரு பக்கம் இருக்கிற வரைக்கும் விதை வந்துகொண்டுதான் இருக்கிறது. விதையைத் தின்னும் வண்டை விட்டு மரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று விஞ்ஞானிகள் சொன்னபோது, தோட்டக்காரர்களின் சம்மதமும் தேவைப்பட்டது. தொழில் வேண்டும் என்கிறவன் கையும், களை வேண்டாம் என்கிறவன் கையும் ஒரே மரத்தைப் பிடித்து இழுத்தால் இப்படித்தான்.

இப்போது அண்ணன்மார் கேள்விக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு போடுவோம், மாணவர்கள் மனக்கணக்காகவே போடலாம். தாவரப் பதனுக்கு 100 கிலோ தோலுக்குச் சுமார் 20 முதல் 25 கிலோ சாறு வேண்டும். குரோம் என்றால் 8 கிலோ உப்பு போதும். நாளுக்கு ஒரு டன் தோல் போடும் ஒரு சின்ன டேனரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 250 கிலோ சாறு. அதைப் பட்டையாக மாற்றினால் ஏறத்தாழ அரை டன் பட்டை. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 150 டன். பத்து டேனரி சேர்ந்தால் 1,500 டன். சாறு எடுக்க ஆலை போடவேண்டும், முதல் போடவேண்டும், பேங்கில் கடன். கடன் அடைக்கப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் பட்டை வந்தாகவேண்டும்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆலை முதலாளி மலையில் வாட்டில் ஒழியவேண்டும் என்று நினைப்பாரா, ஒழியக்கூடாது என்று நினைப்பாரா? அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நம்மில் யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான் நினைப்போம். ஏழாவது வருஷம் "இந்தச் சரிவை மட்டும் விட்டுவைங்க, பட்டை நல்லா இருக்கு" என்று ஒரு போன் போகும். களையை மூலப்பொருளாக்கினால் களைக்கு ஒரு காவல்காரன் கிடைத்துவிடுவான்.

அதனால் என் யோசனை இது. முதலில் சட்டம். கொடைக்கானலில் 2013ல் வனவிலங்கு சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். சரணாலயத்துக்குள்ளிருந்து எடுக்கும் வனப்பொருளைச் சுற்றியுள்ள மக்கள் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தப் பட்டை நமக்கு இல்லை. அது அந்த விறகுக்கட்டு அம்மாக்களுக்கு. நாம் கேட்கவேண்டியது பட்டா நிலத்திலும் எஸ்டேட்டுகளிலும் நிற்கும் வாட்டில். அதிலும் எங்கே வெட்டுவது என்பதை டேனரிக்காரர் சொல்லக்கூடாது, தாவரம் தெரிந்தவர் சொல்லவேண்டும். கீழே சோலைக் கன்று வந்திருக்கும் இடத்தில் பட்டை எவ்வளவு கனமாக இருந்தாலும் கை வைக்கக்கூடாது. பட்டை விலையோடு கன்று பிடுங்கும் செலவையும் ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து முன்பணமாகக் கட்டவேண்டும். ஒப்பந்தத்தில் முடிவு தேதி இருக்கவேண்டும். பெரிய ஆலை வேண்டாம். இருக்கிற குழிகளிலேயே பட்டையைப் போட்டு ஊறவைக்கும் அளவுக்குள் நிறுத்திக்கொண்டால் கடன் இல்லை, கடன் இல்லாவிட்டால் அந்த ஏழாவது வருஷ போனும் இல்லை. இவ்வளவுக்கும் ஒத்துக்கொண்டால் லாபம் வருமா என்று கேட்பீர்கள். பெரிய லாபம் வராது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இது முடியாத காரியம் ஒன்றுமில்லை. கர்நாடகாவில் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் உண்ணிச்செடியின் குச்சியில் பழங்குடி மக்கள் நாற்காலி, மேஜை செய்கிறார்கள். அங்கே வேலை கையளவில் இருக்கிறது. செடியோ மலையளவில் இருக்கிறது. நம் மாநிலத்தில் முதுமலைப் பக்கம் பரவிய மஞ்சள் கொன்றையைத் தமிழ்நாடு காகித ஆலை கூழுக்கு எடுக்க அரசு அனுமதித்தது. அந்த மஞ்சள் கொன்றை நம் ஆவாரைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்பது தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரே குடும்பம், அக்கா நாட்டு மருந்து, தங்கை நாடு பிடிக்கிறாள்!

இன்னொரு 'ஆனால்' பாக்கி இருக்கிறது; அது என் சொந்தத் தொழில் சம்பந்தப்பட்டது. தாவரப் பதனுக்கு மாறினால் பாலாறு சுத்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பூச்சி தின்னாமல் காக்கும் துவர்ப்புதான் டானின் என்றேன். நம் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்னவேண்டிய பாக்டீரியாவுக்கும் அது பிடிக்காது. தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் வரும், ஆக்ஸிஜன் தேவை எகிறும். குரோமையாவது வீழ்படிவாக்கிப் பிரித்து மறுபடி பயன்படுத்த வழி இருக்கிறது. அதைவிட முக்கியம் உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ நாற்பது சதவிகிதம் உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். அந்த உப்பை நாம்தான் ஊறவைத்துக் கழுவுகிறோம். குரோம் போட்டாலும் வாட்டில் போட்டாலும் அந்த உப்பு அப்படியே வரும். நம் கிணறுகளைக் கெடுத்ததில் பெரிய பங்கு அதற்குத்தான். 'இயற்கைத் தோல்' என்று லேபிள் ஒட்டுகிறவர் உப்பைப் பற்றிப் பேசமாட்டார். வாங்குகிறவரும் கேட்கமாட்டார்.

உப்பு என்றதும் நம் ஊர்ச் செடிக்கு வந்துவிட்டோம். மலைக்கு வாட்டில் என்றால் நம் பாலாற்றுக்கு வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேலம். 1877ல் இந்தியாவுக்கு விறகுக்காக வந்தது. இன்று ஆற்றுப் படுகையில் மணலைவிட அதுதான் அதிகம். 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி விரட்டியது. கிராமம் கிராமமாக ஜேசிபி போனது. அதே வருஷம் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. முதலில் அதனால் என்ன நன்மை, என்ன தீமை என்று ஆராயுங்கள் என்றார்கள். சுற்றுச்சூழல் இயக்கங்களே இரண்டாகப் பிரிந்து நின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்றார்கள் ஒரு சாரார். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை என்ன செய்வீர்கள் என்றார்கள் இன்னொரு சாரார்.

நம் வட்டாரத்தில் கேள்வி இன்னும் கொஞ்சம் கோணல். உப்பேறி, நெல்லும் கரும்பும் கைவிட்ட நிலத்தில் வேறெதுவும் வராதபோது வேலிக்காத்தான் வந்து நின்றது. அதை வெட்டித்தான் விறகாக விற்கிறார்கள். டேனரி பாய்லர் பலவற்றில் எரிவதும் அதுதான். நிலத்தைக் கெடுத்ததும் தோல், அந்த நிலத்தில் முளைத்ததை எரிப்பதும் தோல். அமெரிக்காவின் டெக்சாஸில் இந்த இனத்து மரங்களை ஆராய்ந்தவர்கள், அது மண்ணிலுள்ள ஆறு இணைதிறன் குரோமை வேர் வழியாக எடுத்துத் தன் உடம்பிலேயே விஷம் குறைந்த மூன்று இணைதிறன் குரோமாக மாற்றுகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதற்காக அதைக் கும்பிடவேண்டும் என்று சொல்லவில்லை. ஆற்று நடுவில் நின்றால் வெள்ளத்தை மறிக்கும், அங்கே எடுக்கத்தான் வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரை புரண்டபோது பார்த்தோமே. ஆனால் ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த பகுதியைப் போன்ற இடங்களில் நிற்கும் முள்ளை, பின்னால் என்ன நடப்போம் என்று முடிவு செய்யாமல் பிடுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெறும் மண்ணாக விட்டால் காற்றில் தூசி பறக்கும். தூசியில் என்ன இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கே இருக்கும் கடைசி வருஷ மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். படுகையில் ஐந்து இடம், கெட்ட நிலத்தில் ஐந்து இடம். வேலிக்காத்தான் வேர், தண்டு, இலை, எரித்த சாம்பல் ஆகிய நான்கிலும் குரோம் எவ்வளவு என்று அளக்கவேண்டும். பாய்லர் சாம்பலை இன்று பல இடங்களில் வயலில் கொட்டுகிறார்கள். அது சரியா தவறா என்பதற்கு நமக்கு ஓர் எண் கிடைக்கும். அதே பக்கத்தில் ஆவாரை நட்டு, எந்த உப்பளவு வரை தாங்குகிறது, அந்த மண்ணில் வளர்ந்த பட்டையில் டானின் எவ்வளவு என்று மூன்று வருஷம் பார்க்கவேண்டும். ஆவாரை தாங்கினால், முள் எடுத்த இடத்தில் வைக்க நமக்கு ஓர் உள்ளூர்ச் செடி இருக்கிறது. மலைப் பட்டையை நம்பியிருக்கவும் வேண்டாம். தாங்காவிட்டால் அதையும் எழுதி வைப்போம். அளக்கும் கருவி வாங்கச் சங்கத்தின் நிதியிலிருந்து உதவுவதாகத் தலைவர் காலையில் சொன்னார்; எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், இனி அவர் மாற்றமுடியாது. (சிரிப்பு, கைதட்டல்) டேனரி வைத்திருக்கும் அண்ணன்மார் ஆளுக்கு ஒரு மூட்டை பாய்லர் சாம்பல் கொடுத்தால் போதும். பெயர் எழுதமாட்டோம், எண் மட்டும் போடுவோம்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். சேர விரும்பும் மாணவர்கள் சாப்பிட்டதும் வேதியியல் ஆய்வகத்துக்கு வாருங்கள், நான் நாலு மணி வரை அங்கே இருப்பேன்.